என் மேல் நானே போடவைத்த வழக்கு

தம்பி,

போன வாரம் ஓசூரிலிருந்து போன் பண்ணி, "நீ போயி பேசி முடிச்சிடுப்பா" என்றாய். போனேன், பேசினேன், முடிக்கவில்லை. ஏன் முடிக்கவில்லை என்பதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் நாலாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் தட்டினால் இரண்டு நீலக் கோடு விழும், பதில் விழாது. அதனால் கடைக்குப் போய் நீளத் தாள் வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரன், "யாருக்குங்க பெட்டிஷன்?" என்று கேட்டான். பிள்ளைக்கு என்றேன். பாவமாகப் பார்த்தான். உன்னோடு மலைக்கு வந்த சிநேகிதர்களும் இதைப் படிக்கட்டும், அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும். ஊரில் யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் அம்மா மட்டும் பாதியில் நிறுத்திவிட்டு என்னைத் திட்டுவாள், ஏனென்றால் இதில் அவள் அண்ணன் வருகிறார்.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், நீ ஒரு மாதிரி சொன்னாய், நான் விசாரித்தது வேறு மாதிரி இருக்கிறது. குவைத்துக்கு வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை கூட்டாளிகளோடு கல்வராயன் மலை ஏறவேண்டும் என்று என் பைக்கை எடுத்துக்கொண்டு போனாய். அருவியில் குளித்தீர்கள், குடித்தீர்கள். இறங்கும்போது வெள்ளிமலைக்குக் கீழே ஒரு வளைவில், ரோட்டோரமாக விறகுக் கட்டோடு நடந்துபோன வெள்ளச்சி என்ற பெண்ணை இடித்துத் தள்ளினாய். அவளுக்குத் தொடை எலும்பு முறிந்துபோயிற்று. உன் சிநேகிதர்கள் அவளை ஒரு வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அதுவரைக்கும் மனுசத்தனம். போகிற வழியில் அவள் கையில் கொஞ்சம் நோட்டைத் திணித்து, "மரத்துல ஏறி புளி உலுக்கும்போது வுழுந்துட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லுக்கா, அவன் வெளிநாடு போவப்போறான்" என்று கெஞ்சியிருக்கிறார்கள். அவளும் அப்படியே சொல்லிவிட்டாள். நீ அதற்குள் ஓசூர் பஸ் ஏறிவிட்டாய். "அந்தக்காவே மரத்துல இருந்து வுழுந்தேன்னு சொல்லிடிச்சாம்பா, பிரச்சினையே இல்ல" என்று நீ நிம்மதியாகச் சொன்னபோது நான் காலண்டரைப் பார்த்தேன். இது ஐப்பசி மாதம். மாசி, பங்குனியில் பழுக்கிற புளியை ஐப்பசியில் எந்த மடையன் உலுக்குவான்? ஒரு பொய்யைக்கூடப் பருவம் பார்த்துச் சொல்லத் தெரியாத நாலு பேர் சேர்ந்து மலைக்குப் போயிருக்கிறீர்கள்.

ஆனால் உங்களை ரொம்பவும் நக்கல் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. நான் ஏன் இடது காலைச் சாய்த்து நடக்கிறேன் என்று உனக்கு அரைகுறையாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உன்னை "மாடு முட்டினவர் பையன்" என்று கூப்பிட்டு, நீ ஒருவன் மூக்கை உடைத்துவிட்டு வந்தாய். உடைபட்ட மூக்குக்காரன் சொன்னது தப்பு, என்னை மாடு முட்டவில்லை. உன் பெரிய மாமன்தான் முட்டினார், டிராக்டரில். அப்போது நீ பிறக்கவில்லை, எனக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. மாமன் ஒருத்தருடைய டிராக்டரில் மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு இறக்கிவிட்டு, காலி டிரெய்லரோடு பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பி வந்தார். சங்கராபுரம் ரோட்டில் நான் சைக்கிளில் எதிரே போனேன். அவர் என்னைப் பார்த்ததும் தங்கச்சி புருஷன் ஆச்சே என்று சலாம் போடக் கையைத் தூக்கினார். தூக்கியது ஸ்டியரிங்கில் இருந்த கை. சலாம் முடிவதற்குள் நான் பள்ளத்தில் கிடந்தேன்.

ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் மாமன் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். வாயைத் திறந்தால் சாராயக் கடை. "மாப்ள, இன்னும் ரெண்டு வாரத்துல எனுக்குக் கல்யாணம். போலீசு கேசுன்னா பொண்ணு வூட்ல பின்வாங்கிக்குவாங்க. மாடு முட்டிச்சின்னு சொல்லிடு மாப்ள, ஒன் கால்ல வுழறேன்" என்றார். விழுவதற்கு என் கால் ஒன்றுதான் பாக்கி இருந்தது. நம்ம பக்கத்தில் இதுதானே வழக்கம். இடித்தவன் சொந்தக்காரனாக இருந்தால் இடித்ததே சொந்தத்துக்குள் போய்விடும். சொந்தமில்லை என்றால் அவனுக்கு ஒரு கல்யாணம் இருக்கும், வேலை இருக்கும், வெளிநாடு இருக்கும். அடிபட்டவனுக்கு மட்டும் ஒன்றுமே இருக்காது, அவன் மாட்டைத் தேடவேண்டும். டியூட்டி டாக்டர் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தார்போல. மாடு முட்டியது என்றதும், "எந்த மாடு?" என்று கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவனிடம் இரண்டாவது கேள்வி கேட்கவே கூடாது. எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்த ஒரே மாடு பக்கத்து வீட்டு ஏழுமலையின் செவலைக் காளை. "ஏழுமலையோட செவலைங்க" என்றேன். எழுதிக்கொண்டார்.

அந்தச் செவலையைப்போலச் சாதுவான ஜீவன் இந்தத் தாலுகாவிலேயே கிடையாது. மேலே ஈ உட்கார்ந்தால்கூட யோசித்துத்தான் வாலை ஆட்டும். ஏழுமலை அதைச் சந்தையில் விற்பதற்கு ஆள் பேசி வைத்திருந்தான். செய்தி பரவியதும் வாங்க வந்தவன், "ஆளயே முட்டி காலு ஒடச்ச மாடாமே" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலை ஏழுமலை காளையை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான். வார்டு ஜன்னலுக்கு வெளியே அதை நிறுத்தி, "இதுவாடா ஒன்ன முட்டிச்சி? அது மூஞ்சியப் பாத்து சொல்லுடா" என்றான். காளை ஜன்னல் கம்பிக்குள் மூக்கை நீட்டி என் மாவுக்கட்டை நக்கியது. வார்டே எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தேன். நர்ஸ் வந்து மாட்டுக்குப் பார்வை நேரம் இல்லை என்று விரட்டினாள்.

மாமன் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. அதுவரைக்கும் தினம் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் ஆரஞ்சும் வரவில்லை, மாமனும் வரவில்லை. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, மறுபடியும் உடைத்துக் கட்டவேண்டும் என்றார்கள். அதற்கப்புறம்தான் எனக்கு ரோஷம் வந்து, ஒரு வக்கீலைப் பார்த்து, டிராக்டர் முதலாளி மேலும் இன்ஷூரன்ஸ் கம்பெனி மேலும் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டேன். கூண்டில் ஏறினேன். இன்ஷூரன்ஸ் வக்கீல் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. "டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?" மாடு முட்டியது என்றேன். "இப்ப என்ன சொல்றீங்க?" டிராக்டர் மோதியது என்றேன். "அப்ப ஏதோ ஒரு நாள் நீங்க பொய் சொல்லியிருக்கீங்க. எந்த நாள்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

என் பக்கத்துக்கு ஒரே சாட்சி ஏழுமலை. எனக்காக வரவில்லை, மாட்டுக்காக வந்தான். "எஜமான், எம் மாடு அன்னிக்கி வயிறு உப்பிக்கினு படுத்தது படுத்தபடி கெடந்துச்சி. எழுந்து தண்ணிகூட குடிக்கல. அது எங்கங்க போயி இவன முட்டும்? அது தல மேல பழி போட்டாங்க எஜமான்" என்று கூண்டிலேயே கண்கலங்கினான். நீதிபதி வாயைக் கையால் மூடிக்கொண்டார். கடைசியில் செவலை குற்றமற்றது என்று ஆனது. ஆனால் டிராக்டர் மோதியது என்று ஆகவில்லை. போலீசில் அன்றைக்கே சொல்லவில்லை, ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை, பார்த்த சாட்சியும் இல்லை. மனு தள்ளுபடி. ஊரில் என்னை எது முட்டியது என்பதற்குச் சட்டப்படி இதுவரை விடையே இல்லை.

இதையெல்லாம் நீ சிரித்துக்கொண்டே படிப்பாய் என்று தெரியும், நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். ஆனால் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மயிலாட்டம் பார்க்கப் போகிற அப்பனாக நான் இருந்ததில்லை. ஒருநாள் நீ கேட்டாய், நான் தூக்கினேன், பத்தடியில் கால் மடங்கி இருவரும் விழுந்தோம். நீ அப்புறம் கேட்கவே இல்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது, கால் வலியைவிட.

அதனால் நீ சொன்னபடியே வெள்ளச்சியைப் பார்க்கப் போனேன். கை நிறைய ஆரஞ்சுப் பழம் வாங்கினேன், வார்டு வாசலில்தான் மாமன் வாங்கிவந்த ஆரஞ்சு ஞாபகம் வந்தது, அங்கேயே ஒரு கிழவருக்குக் கொடுத்துவிட்டேன். அவள் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அவள் புருஷன் சடையன் தரையில் உட்கார்ந்திருந்தான். நான் யார் என்று சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தத் தம்பிக்கு அடி ஒண்ணும் படலியேண்ணா?" என்பதுதான். அவள் குடியிருக்கிற ஊருக்கு பஸ் கிடையாது, இறங்கி ஒரு மேட்டை ஏறித்தான் போகவேண்டும். கூலி வேலை, விறகு, கடுக்காய் பொறுக்குவது எல்லாமே காலை வைத்துத்தான். இரண்டு பெண் பிள்ளைகள் ஹாஸ்டலில் படிக்கிறார்கள். டாக்டர் கம்பி வைக்கவேண்டும், அப்புறமும் பழைய நடை வருமா என்று சொல்ல முடியாது என்கிறார். "ஏம்மா மரத்துல இருந்து வுழுந்தேன்னு சொன்ன?" என்று கேட்டேன். "பாவம்ணா, வெளிநாடு போற புள்ள. நம்பளால எதுக்குத் தட்டிப்போவணும்?" என்றாள். சடையன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "இவ மரம் ஏறுவான்னு நான் கல்யாணம் கட்டி இத்தினி வருசத்துல இப்பத்தாங்க கேள்விப்படறேன்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்து, கால் ஆடி, வலியில் கத்திவிட்டாள்.

அன்றைக்கே சடையனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எனக்குத் தெரிந்த வக்கீலம்மாவிடம் போனேன். அந்தம்மா சடையனிடம் எல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்க இவருக்கு என்ன உறவு?" என்றார். "உறவு இல்லீங்க. வண்டி என் பேர்ல இருக்குது. ஓட்டுனது எம் பையன்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப நீங்கதான் எதிர்மனுதாரர். மனுதாரரும் எதிர்மனுதாரரும் ஒரே ஆட்டோவுல வந்து நான் பாத்ததில்ல" என்றார். "ஷேர் ஆட்டோங்க" என்றான் சடையன். அந்தம்மா என்னை எச்சரித்தார். நான் அவர்களுக்கு வக்கீல் பிடித்துத் தருவது முறையில்லை, நான் எதிர்க்கட்சி. கோர்ட்டிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது, பெண்களுக்கும் மலைவாழ் மக்களுக்கும் காசில்லாமல் வக்கீல் வைத்துத் தருவார்கள், சடையனே போய்க் கேட்கட்டும் என்றார். நான் வெளியே போய் வராந்தாவில் நிற்கிறேன் என்றேன். கதவை மட்டும் சாத்தவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

வராந்தாவில் நின்று நான் கேட்டதை உனக்கும் சொல்லிவைக்கிறேன், என்றைக்காவது உனக்கே யாராவது இப்படிச் செய்தால் உதவும். முதல் வேலை போலீசில் உள்ளதைச் சொல்லிப் பதிவு செய்வது. ஆஸ்பத்திரியில் எழுதினதை அழிக்க முடியாது, ஆனால் யார் சொல்லச் சொன்னார்கள், ஏன் சொன்னாள் என்று சீக்கிரமே வாக்குமூலம் கொடுத்தால் கோர்ட்டு கேட்கும். நாள் ஆக ஆகத்தான் அது பொய்யாகத் தெரியும். உன்மேல் போலீஸ் போடுகிற குற்ற வழக்கு ஒன்று, அவள் இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் போடுகிற வழக்கு வேறொன்று. இழப்பீட்டு வழக்கை ஆறு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். வைத்தியச் செலவு மட்டும் இல்லை, வேலைக்குப் போகாத நாளுக்கும், இனிமேல் முடியாத வேலைக்கும், பட்ட வலிக்கும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் விட்ட கூலிக்கும் சேர்த்துக் கேட்கலாம். இடித்த வண்டி எது என்றே தெரியாமல்போனால் அரசாங்கம் கொஞ்சம் கொடுக்கும், அது கொஞ்சம்தான். வண்டி தெரிந்தால்தான் முழுசாகக் கேட்க முடியும். நீ சொன்ன "பேசி முடிப்பது"கூடச் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதை மக்கள் நீதிமன்றத்தில் நீதிபதி முன்னால் செய்யவேண்டும், வேனில் வலியில் கிடக்கிறவளிடம் இல்லை.

வெளியே வரும்போது அந்தம்மா எனக்கென்று ஒன்று சொன்னார். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறது, அதனால் அவளுக்குக் கம்பெனியே கொடுத்துவிடும். ஆனால் ஓட்டினவன் குடித்திருந்தான் என்று ஆனால், அவளுக்குக் கொடுத்துவிட்டு அதை வண்டிக்காரரிடம் வசூல் பண்ணச் சொல்ல கோர்ட்டுக்கு இடமுண்டு. "வண்டிக்காரர்னா?" என்றேன். "நீங்கதான்" என்றார். நமக்கென்று இருக்கிற மேட்டுக் காட்டை விற்கவேண்டி வருமே என்று நினைத்துக்கொண்டேன். வழியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன், நீ குடித்திருந்தாயா என்று யாராவது கேட்டால் சொல்லுவேன், கேட்காவிட்டால் நானாக எடுத்துச் சொல்லமாட்டேன் என்று. அரிச்சந்திரனுக்கும் நமக்கும் உள்ள தூரத்தை இப்படித்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "பெத்த புள்ளயப் புடிச்சிக் குடுக்கற அப்பன எங்கனா பாத்துக்கிறியா?" என்று சுவரிடம் கேட்டாள். சுவர் பதில் சொல்லாததால் நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை அடுப்படியில் தூக்குப் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கஞ்சி, துவையல், ஆஸ்பத்திரிக்கு. "அந்தப் பொண்ணுக்குக் காரம் ஆவுமான்னு கேட்டுக்கினு வா" என்றாள். அவ்வளவுதான் பேசினாள், எனக்கு அது போதும்.

சடையன் எழுதிக்கொடுத்த புகாரின் பேரில் நேற்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா ஆஸ்பத்திரிக்கு வந்தார். நானும் உடைந்த கண்ணாடியும் வளைந்த ஹேண்டில்பாருமாகப் பைக்கை ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்தேன், ஒரு கீறலைக்கூடத் துடைக்கவில்லை. வெள்ளச்சி வாக்குமூலம் கொடுத்தாள். மரம் இல்லை, பைக்குதான் என்றாள். மரம் என்று சொல்லச் சொன்னவர்களையும் சொன்னாள். திணித்த நோட்டுகளைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து ஏட்டையா முன்னால் வைத்தாள். ஓட்டினது யார் என்று அவர் கேட்டபோது, அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு நன்றாகத் தெரியும், தம்பி. "மொகம் சரியா பாக்கலீங்க" என்றாள். தொடையில் கம்பி வைத்துக்கொள்ளப்போகிறவள், அப்போதும் உன்னைத்தான் காப்பாற்றினாள்.

ஏட்டையா என் பக்கம் திரும்பினார். "வண்டி உங்க பேர்ல இருக்குது. யாரு ஓட்டுனது?" எம் பையன் என்றேன். "குடிச்சிருந்தானா?" கேட்டே விட்டார். "ரெண்டு பீருன்னு அவனே போன்ல சொன்னானுங்க, எண்ணிக்கையில அவன் எப்பவுமே வீக்கு" என்றேன். எழுதிக்கொண்டார், சிரிக்கவில்லை. குவைத்துக்குப் போலீஸ் சர்டிபிகேட் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த வருஷம் நீ போகமுடியாமல் போகலாம். உனக்காக எனக்கு வயிறு எரிகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் போலீஸ் தேடி வருவதற்கு முன்னால் நீயே வா. வந்ததும் நேராக வீட்டுக்கு வராதே, ஆஸ்பத்திரிக்குப் போ, அவள் கட்டில் பக்கத்தில் நின்று, அன்றைக்கு ஓட்டினது நான்தான் என்று உன் வாயால் சொல். அப்புறம் ஸ்டேஷனுக்கு நானும் கூட வருகிறேன், ஜாமீனுக்கும் நானே நிற்கிறேன்.

கடைசியாக ஏட்டையா, "பையன் பேரு இன்னாங்க? இனிஷியலோட சொல்லுங்க" என்றார். உன் பேரைச் சொல்வதற்கு முன்னால் என் பேரைச் சொல்லவேண்டியிருந்தது.

உன் அப்பா